ஆறு பேர், பத்து மீட்டர், ஒரு மணி நேரம்: சிங்கவால் குரங்கைப் படமெடுக்கப் போகும் வேலூர்க்காரர்களுக்கு

சோளிங்கர் பெரிய மலைக்கு 1,300-க்கும் மேற்பட்ட படிகள். பாதி ஏறுவதற்குள் பாலிதீன் பை ஒருமுறை சரசரத்தால் போதும், மேலேயிருந்து ஒரு குரங்கு இறங்கிவரும். பூஜைத் தட்டில் தேங்காய் இருக்கிறதா வெறும் பூ மட்டுமா என்பதைப் பார்த்த மாத்திரத்தில் கண்டுபிடித்துவிடும். பிறந்தபோதே வந்த குணமல்ல இது. ஆஞ்சநேயர் பெயரைச் சொல்லித் தலைமுறை தலைமுறையாக நாம் நீட்டிய பழம் பழக்கிவிட்டது. பழத்தை நீட்டிய கையிலேயே இன்று கழியும் இருக்கிறது.

வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் என்று பிரிந்துவிட்ட பழைய வடாற்காட்டில் குரங்கு என்றால் கண்முன் வருவது இந்த நாட்டுக் குரங்குதான். வள்ளிமலையிலும் இதுவே, அமிர்தி காட்டுச் சாலையிலும் இதுவே. இதைப் பார்த்துப் பழகிய கண்ணோடும், அதைவிட முக்கியமாக இதற்குத் தீனி போட்டுப் பழகிய கையோடும், மேற்குத் தொடர்ச்சி மலையின் மழைக்காட்டுக்குப் போவதில்தான் சிக்கலே தொடங்குகிறது. வால்பாறையை ஒட்டிய புதுத்தோட்டம் சோலையில் சிங்கவால் குரங்குகள் தார்ச்சாலையில் உட்காருகின்றன, தோட்டத் தொழிலாளர்களின் லைன் வீடுகளின் கூரையைப் பிரித்து உள்ளே இறங்குகின்றன. வாழ்நாளின் பெரும்பகுதியை மரத்தின் மேலேயே கழிக்க வேண்டிய விலங்கு அது. காடு துண்டானது முதல் காரணம். வண்டியை நிறுத்திப் படமெடுக்க வந்தவர்கள் வீசிய பிஸ்கட்டுக்கும் அதில் பங்கு உண்டு. நாட்டுக் குரங்கு அடியையும் ஏச்சையும் தாங்கிக்கொண்டு ஊரோடு ஒட்டிப் பிழைத்துவிட்டது. சிங்கவால் குரங்குக்கு அந்தச் சாமர்த்தியம் கிடையாது.

சிறு குழுவாகப் போய் நெறியோடு படமெடுக்கும் பயணங்கள் இப்போது பல இடங்களில் நடக்கின்றன. நெறி என்றதும் மனசாட்சி, அன்பு என்று பேசத் தோன்றும். காட்டுக்குள் அது பெரும்பாலும் கணக்கு: எத்தனை பேர், எவ்வளவு தூரம், எவ்வளவு நேரம். இந்த மூன்றும் சரியாக இருந்தால் மனசாட்சி கொஞ்சம் அசந்தாலும் குரங்குக்குக் கேடில்லை. மூன்றும் தப்பினால் எவ்வளவு நல்ல மனசு இருந்தும் பயனில்லை.

ஏன் இந்தக் குரங்குக்கு இவ்வளவு பத்தியம்

சிங்கவால் குரங்குக்குச் சோலைமந்தி என்றும் பெயர் உண்டு. உடல் முழுக்கக் கறுப்பு, முகத்தைச் சுற்றிச் சாம்பல் பிடரி, வால் நுனியில் ஒரு குஞ்சம். கர்நாடகம், கேரளம், தமிழ்நாடு ஆகிய மூன்று மாநிலங்களின் மேற்குத் தொடர்ச்சி மலையைத் தவிர உலகில் வேறெங்கும் இல்லை. காட்டில் மொத்தம் நான்காயிரம் வாக்கில் இருக்கலாம் என்பது ஆய்வாளர்களின் கணிப்பு. அதில் குட்டி போடும் வயதில் இருப்பவை 2,500-க்கும் குறைவு. கேரளத்தின் சைலண்ட் வேலி பள்ளத்தாக்கில் அணை கட்டுவதை எதிர்த்து எழுந்த போராட்டத்துக்கு முகமாக நின்றது இந்தக் குரங்குதான். 1984-ல் அந்தக் காடு தேசியப் பூங்கா ஆனது.

இனம் பெருகும் வேகம்தான் இதன் பலவீனம். பெண் குரங்கு முதல் குட்டி போட ஆறு வயதாவது ஆக வேண்டும். அதன்பிறகும் இரண்டரை, மூன்று ஆண்டுக்கு ஒரு குட்டிதான். ஆட்கள் நெருக்கியதில் தாய் பதறி ஓடி ஒரு குட்டி தவறி விழுந்தால் அந்த மந்திக்கு மூன்று ஆண்டு வீண். கூட்டம் பொதுவாகப் பத்திலிருந்து இருபது உருப்படி. அதில் குட்டி போடக்கூடிய பெண்கள் பாதியைத் தாண்டாது.

நாள் முழுக்க அதற்கு வேலை இருக்கிறது. வெடிப்பலாவின் பூவும் காயும், அத்தி, காட்டுப்பலா, பட்டைக்குள் பதுங்கிய பூச்சி, மரத்தவளை என்று தேடிக்கொண்டே நகரும். மயிர்க்கம்பளிப் புழு கிடைத்தால் நேரே வாயில் போடாது. ஒரு இலையைப் பறித்து அதற்குள் வைத்து உருட்டித் தேய்க்கும். சுணை உதிர்ந்த பிறகுதான் தின்னும். படமெடுக்க இதைவிட நல்ல காட்சி அந்தக் காட்டில் அரிது. அந்த ஒரு நிமிட வேலைக்குக் குரங்கு நிம்மதியாக உட்கார்ந்திருக்க வேண்டும். கீழே பத்துப் பேர் கிசுகிசுத்துக்கொண்டிருந்தால் புழுவைப் போட்டுவிட்டுப் போய்விடும். தொந்தரவில்லாத குரங்குதான் நல்ல படமும் தரும் என்பதால் நெறியும் படத்தின் தரமும் இங்கே ஒரே பக்கம் நிற்கின்றன.

அதே காட்டில் கருமந்தியும் இருக்கிறது. நீலகிரிக் கருங்குரங்கு என்றும் சொல்வார்கள். கருங்குரங்கு லேகியம் என்ற பெயரைக் கேட்டால் நம் பக்கத்துப் பெரியவர்களுக்கு ஞாபகம் வரும். அந்த லேகியத்துக்காகவே வேட்டையாடப்பட்ட இனம் இது. ஆளைக் கண்டதும் ஒளிந்துகொள்ளும் பழக்கம் இன்னும் போகவில்லை. பிறந்த குட்டி செம்பழுப்பாக இருக்கும். சில வாரங்களில் கறுத்துவிடும். செம்பழுப்புக் குட்டி கண்ணில் பட்டால் அந்தத் தாயை விட்டு விலகி வேறு குரங்கைப் பார்ப்பதே முறை.

எண்கள் எங்கிருந்து வந்தன

சிறு குழு, நேர வரம்பு, இடைவெளி ஆகிய மூன்றும் முதலில் கறாராக நடைமுறைக்கு வந்தது ஆப்பிரிக்காவின் மலைக் கொரில்லாக் காடுகளில். உகாண்டாவில் ஒரு கொரில்லாக் குடும்பத்தை ஒரு நாளில் எட்டுப் பேர், ஒரு மணி நேரம் பார்க்கலாம். வாலில்லாக் குரங்கினங்களுக்காக உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் 2010-ல் வெளியிட்ட வழிகாட்டு நெறிகள் குறைந்தது ஏழு மீட்டர் இடைவெளி கேட்டன. கொரோனாவுக்குப் பிறகு கொரில்லாக் காடுகளில் அது பத்து மீட்டராகக் கூடியது, முகக்கவசமும் கட்டாயமானது. காரணம் மரியாதை மட்டுமல்ல. நமக்கு வரும் சளியும் காய்ச்சலும் அவற்றுக்கும் வரும், நமக்கு இருக்கும் எதிர்ப்புச் சக்தி அவற்றுக்குக் கிடையாது.

நம் சோலைக்கு எட்டுப் பேரும் அதிகம். கொரில்லா தரையில் உட்கார்ந்திருக்கும்; சுற்றி அரைவட்டமாக நிற்கலாம். சிங்கவால் குரங்கு இருபது மீட்டர் உயரத்தில் கிளைகளுக்கு நடுவே இருக்கும். அந்த இலைத் திரையில் அது தெரியும் இடைவெளி ஒன்றோ இரண்டோதான் அமையும். ஓர் இடைவெளியின் அடியில் மூன்று பேர் நிற்கலாம், நெருக்கியடித்தால் நான்கு பேர். ஐந்தாவது ஆள் எட்டிப் பார்ப்பார், நகர்வார், சருகை மிதிப்பார், முன்னால் இருப்பவரின் தோளைத் தட்டுவார். கூட்டம் கலைவது இந்த ஐந்தாவது ஆளால்தான். ஆகவே படமெடுக்க நான்கு பேர், உள்ளூர் வழிகாட்டி ஒருவர், குழுவைப் பார்த்துக்கொள்ள ஒருவர், மொத்தம் ஆறு. ஒரே ஜீப்பில் அடங்கும் எண்ணிக்கையும் இதுதான். இரண்டாவது வண்டி வந்தால் இரண்டாவது டிரைவர், இரண்டாவது ஹாரன், முன் வண்டிக்குக் கிடைத்தது எனக்குக் கிடைக்கவில்லையே என்ற புழுக்கம் எல்லாம் சேர்ந்து வரும்.

ஒரு மணி நேரம் என்பது குரங்கைக் கண்ட நிமிடத்திலிருந்து கணக்கு, அதுவும் ஒரு கூட்டத்துக்கு ஒரு நாளில் ஒருமுறை. காலையில் பார்த்த கூட்டத்தை மாலையில் மறுபடி தேடிப் போகக்கூடாது. அலாரம் வைக்காமல் இதைக் கடைப்பிடிக்க முடியாது. குழுப் பொறுப்பாளரின் கைக்கடிகாரம் அதிர்வில் இருக்கட்டும்.

பத்து மீட்டரில் படம் வருமா

வரும். கணக்குப் போட்டுப் பார்த்தால் சந்தேகம் தீர்ந்துவிடும். முழு அளவு சென்சார் கொண்ட கேமராவில் 400 மி.மீ. லென்ஸ் போட்டு 15 மீட்டர் தள்ளி நின்றால் படத்துக்குள் அடங்கும் அகலம் சுமார் 1.35 மீட்டர். வளர்ந்த கடுவனின், அதாவது ஆண் குரங்கின், தலை முதல் வால் தொடங்கும் இடம் வரை அரை மீட்டருக்குக் கொஞ்சம் கூட இருக்கும். குரங்கு படத்தில் கிட்டத்தட்ட பாதி அகலம் வந்துவிடுகிறது. சிறிய சென்சார் கேமராவில் 300 மி.மீ. லென்ஸோடு 10 மீட்டரில் நின்றால் அடங்குவது முக்கால் மீட்டருக்கும் சற்று அதிகம், முக்கால்வாசிப் படம் குரங்குதான். இதற்கு மேல் நெருங்குவதால் கிடைப்பது ஒன்றுமில்லை. குவியத்தின் ஆழமும் குறைந்துபோகும். 400 மி.மீ. லென்ஸின் துளையை எஃப் 5.6 அளவில் வைத்தால் 15 மீட்டர் தூரத்தில் தெளிவாக விழும் ஆழம் அரை மீட்டருக்குச் சற்றுக் குறைவு. 10 மீட்டருக்கு வந்தால் ஒரு சாண் அளவுதான் மிஞ்சும். முகம் தெளிந்தால் வால் குஞ்சம் மங்கும்.

செல்போன் மட்டும் வைத்திருப்பவர் படமெடுக்க வரவேண்டாம், பார்க்க வரட்டும். போனில் நன்றாக விழ மூன்று மீட்டருக்குப் போக வேண்டும். அங்கேதான் எல்லாத் தப்பும் நடக்கிறது.

கறுப்பு மயிருக்கும் சாம்பல் பிடரிக்கும் நடுவில் வெளிச்ச அளவை முடிவு செய்வதுதான் பலரையும் கவிழ்க்கிறது. கேமரா கறுப்பைக் கண்டால் வெளிச்சம் போதவில்லை என்று நினைத்துக் கூட்டிவிடும். உடல் சாம்பலாகி, பிடரி வெளுத்துப்போய் ஒரு மயிரிழைகூடத் தெரியாமல் வரும். பின்னணி அடர்பச்சையாக இருந்தால் முக்கால் அல்லது ஒரு ஸ்டாப் குறைக்க வேண்டும் (ஒரு ஸ்டாப் குறைத்தால் வெளிச்சம் பாதியாகும்). பின்னணியில் வானம் தெரிந்தால் நேர்மாறு: ஒன்றரை முதல் இரண்டு ஸ்டாப் கூட்டினாலும் குரங்கு நிழலுருவமாகவே நிற்கும். அந்தக் கிளையை விட்டு அது நகரும்வரை காத்திருப்பதே நல்லது. சோலைக்குள் காலை எட்டு மணிக்குக்கூட எஃப் 5.6, 1/250 நொடி, ஐ.எஸ்.ஓ. (சென்சாரின் ஒளி உணர்திறன்) 3200 கேட்கும். தாவலை உறையவைக்க 1/1000 வேண்டுமானால் ஐ.எஸ்.ஓ. 12800 வரை போக வேண்டியிருக்கும். குருணை விழுந்தால் விழட்டும். ஃபிளாஷ் அடிப்பது பேச்சுக்கே இடமில்லை. குவியத்துக்கு உதவும் சிவப்பு விளக்கு, பீப் ஒலி, படம் எடுத்ததும் திரையில் ஒளிரும் முன்னோட்டம் எல்லாவற்றையும் வேலூரிலேயே அணைத்துவிட்டு வர வேண்டும். சத்தமில்லாத ஷட்டர் இருக்கிற கேமரா என்றால் அதையே போடலாம்.

இதற்கான பயிற்சிக்கு வால்பாறை போக வேண்டாம். புளியமர நிழலில் கட்டிய எருமை போதும். காலை எட்டு மணிக்கு எருமையின் முதுகில் ஒரு சாம்பல் துண்டைப் போட்டு, துண்டின் இழையும் எருமையின் மயிரும் ஒரே படத்தில் தெரியும்வரை எடுத்துப் பழகுங்கள். மாட்டுக்காரர் சிரிப்பார், பரவாயில்லை.

சோளிங்கரில் கற்க வேண்டியது

படமெடுப்பதைவிட முக்கியமான பயிற்சி குரங்கின் உடல்மொழியைப் படிப்பது. நாட்டுக் குரங்கும் சிங்கவால் குரங்கும் ஒரே பேரினத்தைச் சேர்ந்தவை என்பதால் அடிப்படைச் சைகைகள் ஒத்துப்போகும். ரோப் காரை விட்டுவிட்டுப் படியேறுங்கள். கையில் எதுவும் வேண்டாம், பை முதுகில் மூடியிருக்கட்டும். ஒரு கூட்டத்தை அரை மணி நேரம் தூரத்திலிருந்து கவனியுங்கள்.

இமையை உயர்த்தி வாயைத் திறந்து நேரே முறைத்தால் அது மிரட்டல். பதிலுக்கு நாமும் கண்ணைப் பார்ப்பது சண்டைக்கு அழைப்பது போல. பல்லைக் காட்டிச் சிரிப்பது போலத் தெரிந்தால் அதன் மொழியில் அது சிரிப்பல்ல, அச்சம் அல்லது பணிவு. அடிக்கடி கொட்டாவி வந்தால் தூக்கம் என்று நினைக்கக்கூடாது. கோரைப்பல்லைக் காட்டும் பதற்றமாக இருக்கவே வாய்ப்பு அதிகம். காரணமில்லாமல் உடம்பைச் சொறிந்துகொண்டே இருப்பதும் பதற்றம்தான். கிளையை உலுக்குவது, தின்பதை நிறுத்துவது, தாய் குட்டியை வயிற்றோடு இழுத்து அணைப்பது, கூட்டம் ஒன்றாக மேல்கிளைக்கு ஏறுவது எல்லாமே 'போதும், கிளம்பு' என்பதற்கு அடையாளம். காட்டில் இவற்றில் இரண்டு ஒன்றாகத் தெரிந்தால் ஒரு மணி நேரம் முடியாவிட்டாலும் பின்வாங்க வேண்டும். முதுகைக் காட்டி ஓடாமல், பக்கவாட்டில், மெல்ல.

சோளிங்கரில் அரை மணி நேரம் பழம் நீட்டாமல் நிற்க முடியாதவர் புதுத்தோட்டத்திலும் சும்மா இருக்க மாட்டார். பயணத்துக்கு ஆள் சேர்க்கிறவர்கள் இதையே தேர்வாக வைக்கலாம்.

போகும் வழியும் அனுமதியும்

நள்ளிரவை ஒட்டிக் காட்பாடியில் ரயிலேறினால் விடிகாலையில் கோவை. அங்கிருந்து பொள்ளாச்சி 40 கிலோமீட்டர், பொள்ளாச்சியிலிருந்து ஆழியாறு வழியாக வால்பாறை இன்னும் 65 கிலோமீட்டர் வாக்கில். மலைப்பாதையில் 40 கொண்டை ஊசி வளைவுகள். வாந்தி மாத்திரையை ஆழியாற்றிலேயே போட்டுக்கொள்ள வேண்டும், ஒன்பதாவது வளைவில் போட்டால் வேலை செய்யாது. முதல் நாள் எதையும் எடுக்கத் திட்டமிடாதீர்கள். தூக்கம் கெட்ட கால் சருகில் சத்தம் போடும். நான்கு இரவு தங்கினால் மூன்று நல்ல காலை கிடைக்கும்.

பருவம் டிசம்பர் முதல் மார்ச் வரை. ஆண்டுக்கு ஆயிரம் மில்லிமீட்டர் மழையைப் பார்த்தாலே ஏரி நிறைந்தது என்று கொண்டாடுகிற ஊர்க்காரர்களுக்கு ஜூன், ஜூலையில் வால்பாறையின் மழை புரியாது. அதைப்போல மூன்று மடங்குக்கு மேல் கொட்டும் இடம் அது. லென்ஸை வெளியே எடுக்கவே முடியாது.

அனுமதி விஷயத்தில் பலர் குழம்புவது ஓரிடத்தில்தான். வால்பாறைப் பீடபூமி தேயிலை, காபித் தோட்டங்களும் நடுநடுவே துண்டுச் சோலைகளுமாக இருக்கிறது. அதைச் சுற்றிலும் ஆனைமலைப் புலிகள் காப்பகம். காப்பகத்துக்குள் கால் வைக்க வனத்துறை அனுமதி வேண்டும். 1972-ம் ஆண்டின் வனஉயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி சரணாலயத்துக்குள் புகைப்படம் எடுக்க நுழைவதே அனுமதிச் சீட்டுக்கு உட்பட்டது. அங்கே விலங்கைச் சீண்டுவதும் குப்பை போடுவதும் குற்றம். தோட்டத்துக்குள் இருக்கும் சோலைக்கோ எஸ்டேட் நிர்வாகத்தின் சம்மதம் வேண்டும். பொதுச்சாலையில் நின்று எடுப்பதற்கு யாரும் சீட்டு கேட்கப்போவதில்லை, ஆனால் அந்தச் சாலையில் வண்டியை நிறுத்துவதே குரங்குக்கு ஆபத்து. புதுத்தோட்டம் சாலையில் வண்டியில் அடிபட்டுச் செத்த குரங்குகள் உண்டு. அதனால்தான் கேன்வாஸ் குழாய்களால் மரத்துக்கு மரம் பாலம் கட்டித் தொங்கவிட்டிருக்கிறார்கள். வண்டியை அரைக் கிலோமீட்டர் தள்ளி நிறுத்திவிட்டு நடந்து வரவேண்டும். டிரோன் கொண்டுவருகிறேன் என்று ஒருவர் சொன்னால் அவரைக் காட்பாடியிலேயே இறக்கிவிடலாம்.

வழிகாட்டி உள்ளூர்க்காரராக இருக்க வேண்டும். காடர், மலைமலசர், முதுவர் என்று அந்தக் காட்டிலேயே பிறந்து வளர்ந்தவர்கள் இருக்கிறார்கள். எந்த வெடிப்பலா எந்த வாரம் காய்க்கும் என்பது அவர்களுக்குத்தான் தெரியும். கூலியை நாள் கணக்கில் முன்பே பேசி முடித்துவிட வேண்டும். 'நல்ல படம் கிடைத்தால் மேலே ஐந்நூறு' என்ற பேச்சே கூடாது. அந்த ஐந்நூறு ரூபாய்க்காகத்தான் கிளையை உலுக்கச் சொல்வதும், பழம் போட்டு இறக்குவதும் நடக்கிறது. குரங்கு கிடைக்காத நாளிலும் அதே கூலி.

காட்டுக்குள் ஒரு காலை

வெளிச்சம் வருமுன் கிளம்ப ஆசை வரும். வால்பாறையில் அது புத்திசாலித்தனம் அல்ல. மூடுபனியில் தேயிலைச் செடி உயரத்துக்கு மேல் தெரியாது, யானை நிற்பதும் தெரியாது, காட்டெருமை நிற்பதும் தெரியாது. ஏழு மணிக்கு வழிகாட்டி சரி என்று சொன்ன பிறகு நடை. அவர் முதலில், பொறுப்பாளர் கடைசியில், நடுவில் நால்வர். சிவப்பு, வெள்ளை, மஞ்சள் சட்டை வேண்டாம். வாசனைத் தைலமும் வேண்டாம்.

முதலில் காதுதான் வேலை செய்யும். கருமந்திக் கடுவனின் ஆழ்ந்த 'ஹூ... ஹூ...' பள்ளத்தாக்கு முழுக்கக் கேட்கும். சிங்கவால் கூட்டம் இருந்தால் காய்த்தோல் விழும் சத்தம், கிளை வளையும் சத்தம். கண்டதும் யாரும் கேமராவைத் தூக்கக்கூடாது. முதல் ஐந்து நிமிடம் வெறுமனே நிற்க வேண்டும். கூட்டம் நம்மைப் பார்த்துவிட்டது என்பது நிச்சயம். நாம் நகரவில்லை என்று தெரிந்து மறுபடி தின்னத் தொடங்கும்போதுதான் முதல் படம்.

அண்ணாந்து எடுத்தால் அடிவயிறும் மூக்குத் துவாரமும்தான் வரும். சரிவில் மேலேறி, கீழே முளைத்த மரத்தின் உச்சி நம் கண்மட்டத்துக்கு வரும் இடத்தைத் தேட வேண்டும். வால்பாறைச் சரிவுகளில் அப்படிப்பட்ட வளைவுகள் நிறைய. நின்ற இடத்தை மாற்ற வேண்டுமானால் கூட்டத்தைப் பின்தொடராதீர்கள். அது போகும் திசையை வழிகாட்டியிடம் கேட்டு, பெரிய சுற்றாகச் சுற்றி முன்னால் போய்க் காத்திருங்கள். வந்தால் வரட்டும், வேறு பக்கம் திரும்பினால் அன்றைய கணக்கு முடிந்தது. பதிவு செய்த குரலைப் போனில் ஒலித்து வரவழைப்பது கடுவனை இல்லாத எதிரியோடு சண்டைக்கு இழுப்பதாகும்.

பழகிப்போன புதுத்தோட்டக் குரங்கு நேரே நம்மை நோக்கி நடந்து வரும். பத்து மீட்டர் விதி அங்கே நம் காலில்தான் இருக்கிறது. அது ஓரடி வைத்தால் நாம் ஓரடி பின்னால். படம் கெடும், ஆம். பையில் நிலக்கடலை, சாக்லேட் எதுவும் இருக்கக்கூடாது. லென்ஸ் தாங்கப் பச்சைப்பயறு நிரப்பிய பையைச் சிலர் தைத்துக்கொண்டு வருவார்கள். பை கிழிந்தால் அதுவும் தீனிதான், பனியன் வேஸ்ட் திணித்துத் தையுங்கள். காலைச் சாப்பாடு காட்டுக்கு வெளியே, வண்டிக்குள், கண்ணாடி ஏற்றிய பிறகு.

அட்டை, ஈரம், கடி

அட்டை ஏறாமலிருக்க, நெருக்கமாக நெய்த துணியுறையை முழங்கால்வரை கட்டி, அதன்மேல் மூக்குப்பொடியை வேப்பெண்ணெயில் குழைத்துத் தடவலாம். கடித்த அட்டையைப் பிய்க்கக்கூடாது, நகத்தால் ஓரத்திலிருந்து நெம்பினால் விட்டுவிடும். இரத்தம் கொஞ்ச நேரம் வடியும், பயப்பட ஒன்றுமில்லை.

உண்ணி வேறு விஷயம். 1957-ல் கர்நாடகத்தின் கியாசனூர் காட்டில் கண்டறியப்பட்ட குரங்குக் காய்ச்சல் உண்ணி வழியாகத்தான் பரவுகிறது. காட்டில் செத்த குரங்கைப் பார்த்தால் தொடாமல், படமெடுக்க அருகில்கூடப் போகாமல், வனத்துறைக்குச் சொல்ல வேண்டும். அறைக்குத் திரும்பியதும் இடுப்பு மடிப்பு, அக்குள், காதுக்குப் பின் பார்த்துக்கொள்ளுங்கள்.

குரங்கு கடித்தாலோ நகம் கீறி இரத்தம் வந்தாலோ பதினைந்து நிமிடம் சோப்புப் போட்டு ஓடும் நீரில் கழுவ வேண்டும். சுண்ணாம்பு, மஞ்சள் எதுவும் வைக்காமல் அன்றே ஆஸ்பத்திரி போய் வெறிநோய்த் தடுப்பூசியைத் தொடங்க வேண்டும். குரங்குக்கு நம்மால் வரும் நோயைத் தடுப்பதுதான் இதைவிடக் கடினம். சளி, இருமல், காய்ச்சல் உள்ளவர் அறையில் இருந்துவிட வேண்டும். பயணத் தொகை திரும்பக் கிடைக்காது என்று விதி இருந்தால் யாரும் இருமலைச் சொல்ல மாட்டார்கள். மாத்திரையை விழுங்கிவிட்டு வருவார்கள். நோயாளிக்கு அடுத்த பயணத்தில் இடம் உண்டு என்று முன்கூட்டியே எழுதிக் கொடுக்கும் ஏற்பாட்டாளரைத்தான் நம்பலாம். முகக்கவசத்தைவிட அந்த ஒருவரிக்கு வலிமை அதிகம்.

கேமராவுக்கு எதிரி ஈரம். ஏசி வண்டியிலிருந்து இறங்கி நேரே சோலைக்குள் எடுத்தால் லென்ஸ் முழுக்கப் பனி பூத்துவிடும். வண்டியில் ஏசியை அணைத்து, பையை மூடியபடியே அரை மணி நேரம் வைத்துவிட்டுப் பிறகு திறக்க வேண்டும். இரவில் காற்றுப்புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல்லோடு வையுங்கள். வேலூர் வெயிலில் பத்து ஆண்டு வராத பூஞ்சை அங்கே சில வாரங்களில் கண்ணாடிக்குள் வேர்விட்டுவிடும். வீடு திரும்பியதும் அப்படியே அலமாரியில் பூட்டிவிடுவதுதான் பெரும்பாலும் நடக்கும் தவறு. ஒரு வாரம் காற்றோட்டமாக வைத்துவிட்டுப் பிறகு பூட்டலாம்.

தேவாங்கு: ஒரு கிளைப்பேச்சு

'தேவாங்கு மாதிரி முழிக்கிறான்' என்று திட்டுகிற ஊரில் தேவாங்கை நேரில் பார்த்தவர்கள் குறைவு. மழைக்காடு கேட்காமல் வறண்ட முள்காட்டிலும் வாழும் இனம் தமிழ்நாட்டில் இருக்கிறது. கரூர், திண்டுக்கல் மாவட்டங்களில் 11,806 ஹெக்டேர் பரப்பைக் கடவூர் தேவாங்கு சரணாலயமாக 2022-ல் அரசு அறிவித்தது. சிங்கவால் குரங்குக்குச் சொன்ன எல்லா விதியும் இதற்கும் உண்டு, கூடுதலாக வெளிச்சம். இரவில் விரியும் அந்தக் கண்மணிக்கு வெள்ளை டார்ச் அடித்தால் சிறிது நேரத்துக்குப் பார்வை தெரியாது. கிளையிலேயே உறைந்து நிற்கும். அது 'போஸ்' கொடுப்பதாக நினைத்துக்கொண்டு எடுப்பார்கள். சிவப்புக் காகிதம் ஒட்டிய மங்கலான விளக்கு, இரண்டு மூன்று நிமிடம், அவ்வளவுதான். படம் சிவப்பாகத்தான் வரும், கறுப்புவெள்ளையாக மாற்றிக்கொள்ளலாம். குடுகுடுப்பைக்காரரோ மந்திரவாதியோ கூண்டில் வைத்திருக்கும் தேவாங்கைக் காசு கொடுத்து எடுத்தால் அடுத்த தேவாங்கைப் பிடிக்கச் சொல்லி முன்பணம் கொடுத்ததாக அர்த்தம்.

ஏற்பாட்டாளரிடம் கேட்பது, வெளியிடும்போது மறைப்பது

கட்டணத்தைக் கேட்கும் முன் ஒன்றைக் கேளுங்கள்: குரங்கு நிச்சயம் கிடைக்குமா? 'கேரண்டி' என்று பதில் வந்தால் போனை வைத்துவிடலாம். காட்டு விலங்குக்குக் கேரண்டி கொடுக்க இரண்டே வழி, ஒன்று தீனி, மற்றது கூண்டு. எத்தனை பேர், யார் வழிகாட்டி, அவருக்கு எப்படிக் கூலி, எஸ்டேட் சம்மதக் கடிதம் இருக்கிறதா என்ற கேள்விகளுக்கு நேராகப் பதில் சொல்லும் ஆள் குறைந்த படத்தைத்தான் வாக்களிப்பார், அவரோடு போங்கள்.

படங்களை வெளியிடும்போது இடக்குறிப்பை நீக்குங்கள். கேமராவும் போனும் எடுத்த இடத்தின் ஆயத்தொலைவைப் படத்துக்குள்ளேயே எழுதிவைக்கும். பதிவேற்றுமுன் அதை அழித்துவிட வேண்டும். 'ஆனைமலை' என்று போட்டால் போதும். சோலையின் பெயர், வளைவின் எண், மரத்தின் பெயர் வேண்டாம். அந்த மரம் காய்த்திருக்கும் வாரத்தில் பதிவைப் போடாமல் ஒரு மாதம் கழித்துப் போடுவது இன்னும் நல்லது.

தேர்வு செய்யும்போது ஒரு படம் கட்டாயம் கையில் சிக்கும்: வாயை அகலத் திறந்து, கோரைப்பல் பளிச்சிட, கேமராவை நேரே பார்க்கும் கடுவன். எல்லாவற்றையும்விடத் தெளிவாக அதுதான் விழுந்திருக்கும். 'சிரிக்கும் குரங்கு' என்று தலைப்பு வைத்தால் விருப்பக்குறியும் அதற்குத்தான் அதிகம் விழும். அந்தப் படம் எடுத்த நேரத்தைப் பாருங்கள். அதற்குப் பிறகும் பத்துப் பதினைந்து படங்கள் அதே இடத்திலிருந்து எடுக்கப்பட்டிருந்தால், கிளம்பச் சொன்ன பிறகும் குழு நின்றிருக்கிறது. அடுத்த பயணத்துக்குமுன் நால்வரும் உட்கார்ந்து பேச வேண்டியது அந்த நேரக் குறிப்பைப் பற்றித்தான்.